ஓட்டுக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

(தென்காசி மாவட்டத்தில் பீடித் தொழிலாளர்களுக்காக நடந்த அரசியல் வகுப்பில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சுளகைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் இங்கே வந்து உட்கார்ந்தால் எத்தனை பீடி குறையும், அதில் எவ்வளவு கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். நானும் பீடிக் கூலியில் வளர்ந்தவன்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பார்லிமெண்ட் தேர்தலில் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது? அதை எப்படி முடிவு செய்வது? இதுதான் இன்றைய பேச்சு.

“தேர்தல் வரும்போது பேச வேண்டியதை இப்போது ஏன் பேச வேண்டும்?” என்று வாசலில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. தேர்தல் நேரத்தில் மைக் சத்தம் காதை அடைக்கும். ஒரு பக்கம் நடிகர் வருவார், ஒரு பக்கம் சாதித் தலைவர் வருவார், ராத்திரியில் கவர் வரும். அந்த அமளியில் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை. யோசிக்க விடவும் மாட்டார்கள். தராசை வாங்குகிறவன் சந்தைக்குப் போகும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எந்தக் கொடியைப் பிடிப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் “எங்களுக்கே போடுங்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனால் அதற்கு வகுப்பு என்று பெயர் இல்லை. எங்களையும் சேர்த்து எல்லாக் கட்சிகளையும் நிறுத்துப் பார்க்கும் வழியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

அம்மா கேட்ட கேள்வி

1999-ம் வருஷம் நடந்த பார்லிமெண்ட் தேர்தலில்தான் நான் முதல் ஓட்டுப் போட்டேன். தேர்தலுக்கு முந்தின இரவு எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். பெரியவர்கள் பேசினார்கள். “நம்ம ஆள் ஒருத்தர் நிற்கிறார், நம்ம தெரு ஓட்டு சிதறக்கூடாது” என்றார்கள். அவ்வளவுதான், முடிவு ஆகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. கை பீடியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அவரு வந்தா எம் பேரு பாஸ்புக்குல ஏறுமாய்யா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “அதெல்லாம் அவர் வேலை இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் புரியும். எங்கள் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றினார். ஆனால் சுற்றிய பீடி எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் பாஸ்புக்கில்தான் ஏறியது. ஒரு பாஸ்புக், இரண்டு பெண்கள். கடைக்காரருக்கு ஒரு ஆளின் பி.எப். மிச்சம், ஒரு ஆளின் போனஸ் மிச்சம். கடைசியில் கை நடுங்கி, சுளகைச் சுவரில் சாத்திய நாளில், எங்கள் அம்மா தொழிலாளி என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பென்ஷன் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

1999-ல் நான் ஓட்டுப் போட்ட மனிதர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது இங்கே முக்கியமில்லை. அவர் எந்தக் கட்சி, அந்தக் கட்சி தொழிலாளி விஷயத்தில் என்ன சொல்கிறது, சபையில் எந்தப் பக்கம் கை தூக்குகிறது என்று நான் கேட்கவே இல்லை. நான் பத்தாவது படித்தவன். எழுதப் படிக்கத் தெரியாத என் தாய் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். நான்தான் கேட்கவில்லை.

பெயர் என்றால் சாதாரணமல்ல

ஓட்டுரிமை எல்லோருக்கும் எப்போதும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தான். கூலிக்காரிக்கு ஓட்டு கிடையாது. 1950-ல் நமது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோதுதான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. பதினேழு கோடிக்கு மேல் வாக்காளர்கள்.

அப்போது ஒரு சங்கடம் வந்தது. வடக்கே பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். அப்படி எழுத முடியாது என்று தேர்தல் கமிஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை. பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை.

பாஸ்புக்கில் பெயர் இல்லாத என் தாய்க்கு வாக்காளர் பட்டியலில் மட்டும் சொந்தப் பெயர் இருந்தது. முதலாளியின் கணக்கில் அவர் ஆளே இல்லை. நாட்டின் கணக்கில் அவர் ஓர் ஆள். அந்த ஒரே இடத்தில் அவரும் பீடி முதலாளியும் சமம். அந்த இடத்தையாவது நாம் சரியாகப் பயன்படுத்த வேண்டாமா?

ஆகவே முதல் வேலை, பட்டியலைப் பார்ப்பது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தும் வேலை தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். அதில் உயிரோடு இருக்கிறவர், ஊரிலேயே இருக்கிறவர் விடுபட்டாரா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் படிவம் 6 எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்தல் நாள் காலையில் பூத்தில் நின்று சண்டை போட்டால் பெயர் வராது.

பார்லிமெண்டுக்கும் சுளகுக்கும் என்ன சம்பந்தம்?

“எம்.பி. வந்து எங்களுக்கு என்ன செய்யப் போகிறார்? தெருவிளக்கு போடுவாரா, குழாய் போடுவாரா?” என்று கேட்கிறோம். தெருவிளக்கும் குழாயும் பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி வேலை. அதைப் பார்லிமெண்ட் தேர்தலில் கேட்டால் நம்மை ஏமாற்றுவது சுலபம். பார்லிமெண்டின் வேலை சட்டம் செய்வது, வரி போடுவது, செலவை அங்கீகரிப்பது, சர்க்காரைக் கேள்வி கேட்பது. அந்த வேலை நமது சுளகு வரைக்கும் வருகிறது. எப்படி என்று பாருங்கள்.

1966-ல் பார்லிமெண்ட் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைச் செய்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்றது. சம்பளத்துடன் லீவு என்றது. சரியில்லை என்று பீடியைக் கழித்தால், அந்தத் தகராறைத் தீர்க்க அதிகாரி உண்டு என்றது. 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. நமது பிள்ளைகள் வாங்கிய ஸ்காலர்ஷிப்பும், பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியும் அந்த நிதியில் வந்தவை. 1977-ல் பீடித் தொழிலுக்குப் பி.எப். வந்தது. “வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை” என்று முதலாளிகள் வழக்காடினார்கள். 1985-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

இவை எல்லாம் யாரோ தயவு பண்ணிக் கொடுத்தவை அல்ல. சங்கங்கள் தெருவில் போராடின, பார்லிமெண்டில் சட்டமாயிற்று. இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடந்தது.

கொடுத்த சபையே திருப்பி எடுக்கவும் செய்யும். நல நிதிக்கென்று பீடிமேல் இருந்த தனித் தீர்வை 2017-ல் ஒழிக்கப்பட்டது. அதே 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, பீடிக்கு 28 சதவீத வரி. நமது ஊர்களில் வாரத்துக்கு எத்தனை நாள் வேலை குறைந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே சொல்வீர்கள். 2025 செப்டம்பரில்தான் அதை 18 சதவீதமாகக் குறைக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் தீர்மானித்தது. எட்டு வருஷம் ஆயிற்று.

இன்னொன்று. 29 மத்திய தொழிலாளர் சட்டங்களை ஒழித்து நான்கு தொகுப்புகளாக்கினார்கள். ஒன்று 2019-ல் நிறைவேறியது. மற்ற மூன்றும் 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில் நிறைவேறின. அந்த நாளில் எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்து வெளியே இருந்தன. குரல் ஓட்டில் காரியம் முடிந்தது. நமது 1966-ம் வருஷச் சட்டமும் அதில் கரைந்தது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. சட்டங்களைச் சுலபமாக்கியிருக்கிறோம், எல்லோருக்கும் சமூகப் பாதுகாப்பு என்று சர்க்கார் தரப்பு சொல்கிறது. வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் நோட்டீஸ், 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அனுமதி வேண்டாம், இது முதலாளிக்கே லாபம் என்று நாங்கள் சொல்கிறோம். இரண்டையும் கேளுங்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்வீர்கள். நமது சுளகின் தலைவிதியை எழுதும் பேனா அந்தச் சபையில்தான் இருக்கிறது.

நல்ல ஆள் போதுமா?

“கட்சி எதுவானால் என்ன, ஆள் நல்லவராக இருந்தால் போதும்” என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாதி உண்மை.

1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சி இட்ட கட்டளைக்கு விரோதமாகச் சபையில் ஓட்டளித்தால் எம்.பி. பதவியே போகலாம். ஆகவே நீங்கள் அனுப்புகிற மனிதர் தங்கமானவராக இருக்கலாம். மசோதா வரும்போது தூக்குகிற கை கட்சியின் கைதான். நல்ல மனிதரை மோசமான கொள்கைக்குக் காவல் வைத்தால் கொள்கை மாறாது. ஆள்தான் மாறுவார்.

அதற்காக ஆளைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், கிரிமினல் வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2002, 2003 வருஷங்களில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் சொன்னன. அந்தப் பத்திரத்தை யாரும் பார்க்கலாம். முதலில் கட்சியைப் பாருங்கள். பிறகு அது யாரை நிறுத்துகிறது என்று பாருங்கள். நல்ல கொள்கை பேசும் கட்சி கந்துவட்டிக்காரரை நிறுத்தினால், அந்தக் கொள்கையையே சந்தேகிக்க வேண்டும்.

கணக்கில் எழுத மூன்று விஷயம்

கடையில் இலையும் தூளும் வாங்கும்போது பாஸ்புக்கில் எழுதுகிறோம். பீடி கொடுக்கும்போது எண்ணி எழுதுகிறோம். இலைக்கும் நூலுக்கும் கணக்கு வைக்கிற நாம், ஐந்து வருஷம் நம்மை ஆள்கிற கட்சிக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று கோடு.

முதல் கோடு: சபையில் கை. நம்மைத் தொடுகிற சட்டம் வந்தபோது அந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது? ஆதரித்ததா, எதிர்த்ததா, வெளியே போய்விட்டதா, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததா? குரல் ஓட்டில் முடிந்தால் எந்த எம்.பி. எந்தப் பக்கம் என்று பதிவு இருக்காது. அப்போது என்ன பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். எண்ணி ஓட்டெடுக்கக் கேட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கோட்டில் எங்களையும் விடாதீர்கள். ஜி.எஸ்.டி.க்கு வழிவிட்ட அரசியல் சட்டத் திருத்தம் 2016 ஆகஸ்டில் ராஜ்ய சபைக்கு வந்தபோது, அண்ணா தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. ஓட்டளித்த அத்தனை பேரும் ஆதரித்தே ஓட்டளித்தார்கள். இடதுசாரிகளும் அதில் உண்டு. மாநிலங்களுக்கு வருமானம், மறைமுக வரிகளில் ஒழுங்கு என்று காரணங்கள் இருந்தன. ஆனால் பீடிக்கு 28 சதவீதம் என்று வந்தபோது அடி விழுந்தது உங்கள்மேல். “அன்றைக்கு நீங்கள் ஏன் கை தூக்கினீர்கள்?” என்று எங்களைக் கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. கேட்டால் கோபப்படுகிற ஊழியன் கட்சிக்கு உதவாதவன்.

இரண்டாவது கோடு: பணம். தேர்தலுக்குக் கோடிகள் எங்கிருந்து வருகின்றன? 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று ஜனங்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. மார்ச்சில் விவரம் வெளியே வந்தது. மிக அதிகம் பெற்றது பாரதிய ஜனதா கட்சி. காங்கிரஸ், திரிணமூல், தி.மு.க., அண்ணா தி.மு.க. ஆகியவையும் பெற்ற பட்டியலில் உண்டு. இடதுசாரிக் கட்சிகள் வாங்கவில்லை. வழக்குத் தொடர்ந்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று.

முதலாளி கொடுக்கிற பணம் தர்மம் அல்ல, முதலீடு. இலை கொடுத்தவன் பீடி கேட்பான். நாம் பத்து ரூபாய் உண்டியல் போட்டால், அதற்கு ரசீது கேட்க வேண்டும், கணக்கும் கேட்க வேண்டும். எங்களிடமும் கேளுங்கள்.

மூன்றாவது கோடு: நடுவில் எங்கே இருந்தார்கள்? தேர்தல் முடிந்து அடுத்த தேர்தல் வரைக்கும் அந்தக் கட்சியின் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? கூலி பேச்சு வார்த்தையில் உங்கள் பக்கம் உட்கார்ந்தார்களா, கடைக்காரர் பக்கம் உட்கார்ந்தார்களா? இரண்டு தெருவுக்குள் சாதியின் பெயராலோ மதத்தின் பெயராலோ கல் விழுந்தபோது கல்லை நிறுத்தினார்களா, கல்லை எடுத்துக் கொடுத்தார்களா? பீடி சுற்றும் பெண்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. கழிவு என்று பீடியைத் தள்ளும்போது கணக்கப்பிள்ளை மதம் பார்த்துத் தள்ளுவதில்லை. நம்மைப் பிரித்து வைத்தால் கூலி உயராது. பிரிக்கிற கட்சிக்கு எதிரே அதை எழுதி வையுங்கள்.

கவரும் சத்தியமும்

2024 தேர்தலுக்குப் பிறகு ஒரு தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “தம்பி, வீட்டில் வந்து ஐந்நூறு கொடுத்து, விளக்கைத் தொட்டுச் சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. எனக்கு அவுங்களுக்குப் போட மனசில்ல. ஆனா சாமி குத்தம் ஆயிருமேன்னு போட்டுட்டேன். நான் செஞ்சது சரியா?” என்றார்.

நான் அன்றைக்கு, “பணம் வாங்கியதே தப்பு” என்று பிரசங்கம் செய்தேன். அவர் முகம் வாடிப் போயிற்று. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. இன்றைக்கு அந்தப் பதிலைச் சரியாகச் சொல்கிறேன்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2019-ல் வேலூரில் பெரும் பணம் பிடிபட்டதால் பார்லிமெண்ட் தேர்தலையே ரத்து செய்து, பிறகு ஆகஸ்டில் நடத்தினார்கள். ஆகவே கையை நீட்டாதீர்கள். கணக்கும் பாருங்கள். ஐந்நூறு ரூபாயை ஐந்து வருஷத்துக்குப் பங்கு போட்டால் நாளுக்கு 27 காசு. உங்கள் கையால் சுற்றிய ஒரு பீடியைக் கடையில் அந்தக் காசுக்குக் கொடுப்பார்களா?

ஆனால் ஆஸ்பத்திரிச் செலவோ, பிள்ளையின் பீஸோ நெருக்கி, ஒரு தாய் வாங்கிவிட்டார் என்றால்? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் வேலை அல்ல. ஏழ்மையை வைத்து விலை பேசியவன்தான் முதல் குற்றவாளி. அந்தச் சத்தியம் அவரைக் கட்டாது. சட்டத்துக்கு விரோதமான காரியத்துக்குச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. திருட்டுக் காரியத்துக்குச் சாமியைச் சாட்சிக்கு அழைத்தவனுக்குத்தான் குற்றம், பயந்து விளக்கைத் தொட்டவளுக்கு இல்லை.

இன்னொரு பயமும் உண்டு: “யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமோ?” பொத்தானை அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரியும், அது உங்கள் கண்ணுக்கு மட்டும். பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒரு பூத்தில் மொத்தம் எத்தனை விழுந்தது என்று பிறகு தெரியும். யார் போட்டது என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அப்படித் தெரியும் என்று மிரட்டுகிறவன் பொய் சொல்கிறான்.

ஜெயிக்க முடியாத கட்சிக்குப் போடலாமா?

கடைசியாக, மிகவும் சிக்கலான கேள்வி. “எனக்குப் பிடித்த கட்சி இங்கே நிற்கவில்லை. நின்றாலும் ஜெயிக்காது. என்ன செய்வது?”

நமது தேர்தல் முறையில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் ஜெயித்தவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 2014-ல் பாரதிய ஜனதா கட்சி நாடு முழுவதும் 31 சதவீத ஓட்டில் 282 இடம் பிடித்தது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அண்ணா தி.மு.க. 39-ல் 37 பிடித்தது; பாதிக்கும் குறைவான ஓட்டுத்தான். எதிரே இருந்த ஓட்டு சிதறினால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். அதே 2014-ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தமிழ்நாட்டில் கூட்டணி இல்லாமல் 18 இடத்தில் நின்றன. ஓர் இடமும் இல்லை. 2019-ல் தி.மு.க. அணியில் நின்று 4 இடம், 2024-லும் 4 இடம். ஜனங்களின் மனசு ஒரே நாளில் மாறிவிடவில்லை. கணக்கு மாறியது.

ஆகவே மூன்று படியாக யோசியுங்கள். ஒன்று, ஜெயிக்கக்கூடியவர்களில் நமது சட்டத்தையும் நமது தெருவின் ஒற்றுமையையும் அதிகம் கெடுக்கப் போகிறவர் யார்? அவரைத் தடுக்க வேண்டும். இரண்டு, மீதமுள்ளவர்களில் நமது சங்கம் கதவைத் தட்டினால் திறக்கக்கூடியவர் யார்? மூன்று, நமக்கு நெருக்கமான கட்சிக்கு உண்மையான வாய்ப்பு இருந்தால் தயக்கம் வேண்டாம், அதற்கே போடலாம்.

“இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால் சின்னக் கட்சி எப்போது வளரும்?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். சரியான கேள்விதான். கட்சி ஓட்டுச்சாவடியில் வளர்வதில்லை, ஐந்து வருஷ வேலையில் வளர்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் கூட்டணியில் மட்டும் உட்கார்ந்து, இடம் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டால் அந்த நாலு இடத்துக்கும் அர்த்தம் இல்லை. இது எங்களுக்கும் பொருந்தும்.

“யாருமே வேண்டாம், நோட்டா” என்கிறவர்களும் உண்டு. 2013-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் அந்தப் பொத்தான் வந்தது. கோபத்தைக் காட்ட அது ஒரு வழி. ஆனால் பார்லிமெண்ட் தேர்தலில் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர் டில்லிக்குப் போய்விடுவார். நாம் விலகி நின்றால் முடிவு நிற்காது. நாம் இல்லாமல் நடக்கும்.

தோழர்களே! ஓட்டு ஒன்றால் உலகம் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சங்கம் இல்லாத ஓட்டு ஐந்து வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கும் மரியாதை. ஓட்டைப் பற்றிக் கவலைப்படாத சங்கம், ஒரு கையைக் கட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்பது. இரண்டு கையும் வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். தெருவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளில் ஒரு பெண் பிள்ளையிடம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், பீடி கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம், செய்தியைப் படித்து அந்த மூன்று கோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் கட்சிக்கு முதல் பக்கம் கொடுங்கள். தப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தாலும், அவர் நானாகவே இருந்தாலும், கும்பிடு போட்டு முடிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 1999-ல் என் தாய் கேட்டு, நான் பதில் சொல்லாமல் படுத்துக்கொண்ட கேள்விதான்.

“நீங்க வந்தா எம் பேரு பாஸ்புக்குல ஏறுமா?”

“ஏறும்” என்கிறவரிடம் எப்படி ஏறும், எந்தச் சட்டத்தால் ஏறும், போன தடவை ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். நோட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் விரல் எந்தப் பொத்தானில் போகிறதோ, அது நீங்கள் யோசித்துப் போட்ட ஓட்டு. அதை விலைக்கு வாங்க எவனாலும் முடியாது.